அள்ளிப் போன ஓடைக்கரை

எங்கள் ஊரில் தொட்டில் பிள்ளைகளை எரிப்பதில்லை. பட்டாசு வேலை பார்க்கிற ஊர், வளர்ந்தவர்களில் எத்தனையோ பேரைத் தீ கொண்டுபோயிருக்கிறது. ஆனால் பல் முளைக்காத பிள்ளை போய்விட்டால் அது மண்ணுக்குத்தான். துண்டில் சுற்றித் தோளில் சாய்த்து, தூங்குகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவதுபோலத் தகப்பனும் தாய்மாமனும் போவார்கள். மேளம் இல்லை, பின்னால் கூட்டம் இல்லை. ஊருக்குக் கிழக்கே ஆனைக்குட்டம் பக்கம் போகிற வண்டிப்பாதையை விட்டு இறங்கினால் ஓடை. ஓடைக்கரை முழுக்கப் பஞ்சாயத்துப் புறம்போக்கு. அங்கே ஒரு குழி, மேலே ஒரு பலகைக்கல், நாய் தோண்டாமல் இருக்க ஒரு கொப்பு உடைமுள். அவ்வளவுதான். பெயர் எழுதுவதில்லை. வருஷம் திரும்பினால் விளக்கு வைப்பதில்லை. போனவர்கள் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். எந்த இடம் என்று பெற்றவளிடம் சொல்லவே கூடாது. சொன்னால் அவள் போவாள், போனால் அடுத்தது தங்காது என்பார்கள்.

என் மகள் அங்கேதான் இருந்தாள். பெயர் வைக்கிற நாள் வருவதற்கு முன்பே போய்விட்டாள், ஆகவே அவளை மகள் என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடியும். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை, என் கணவரும் சொல்லவில்லை. ஊர் சொன்னபடியெல்லாம் நடந்துகொண்டோம். அடுத்தது வரவில்லை.

அந்த நிலத்தைச் சுத்தம் செய்து தாருங்கள் என்று பஞ்சாயத்தைக் கேட்டோம். விடாமல் கேட்டோம். கடைசியில் செய்து கொடுத்தார்கள். அதைத்தான் எழுதப் பார்க்கிறேன், எழுத உட்காரும்போதெல்லாம் எழுந்து கொல்லைப்பக்கம் போய் நின்றுவிடுகிறேன். இந்த முறை எழுந்திருக்கப் போவதில்லை.

பட்டாசுக் கம்பெனிகளில் பொழுது சாய்வதற்குள் தரையைக் கூட்டி அள்ளுவார்கள். சிந்திய மருந்து, திரி நறுக்கிய துணுக்கு, கட்டுக் குலைந்த சரக்கு எல்லாம் தண்ணீர்த் தொட்டிக்குள் போகும். வெடிக்குள் அடைக்கிற தூளை இங்கே மருந்து என்றுதான் சொல்வோம். ஊறிய மருந்து செத்த மருந்து. மருந்து அறைக்குள் செருப்புப் போடாமல், இரும்பு எதுவும் உடம்பில் இல்லாமல், குனிந்த தலை நிமிராமல் வேலை பார்த்த கைகளுக்கு அந்தத் தொட்டிதான் சாமி. அதில் விழுந்த எதற்கும் யாரும் பயப்பட வேண்டியதில்லை. இப்படித்தான் எங்கள் அம்மாக்கள் நம்பினார்கள், நாங்கள் நம்பினோம்.

முதல் டிராக்டர் ஓடைக்கரையில் வந்து ஈரச் சாக்கைக் கவிழ்த்தபோது ஊரே போய் வேடிக்கை பார்த்தது. நாரணாபுரத்துப் பக்கமிருந்து வந்த லோடு என்றார்கள். சாம்பல் நிறத்தில் சேறு, நடுவே ஊதாவும் பச்சையுமாகக் காகிதக் குழல்கள். எங்கள் தெரு ஆள் ஒருவர் தீக்குச்சியை உரசிக் குவியலில் போட்டார். எல்லோரும் பழக்கத்தில் பின்வாங்கினார்கள். குச்சி சுருண்டு கறுத்து அணைந்தது. இன்னொரு குச்சி. அதுவும் அணைந்தது. "செத்த பாம்புலே இது, வாங்க போவோம்" என்று அவர் சிரித்தார், மற்றவர்களும் சிரித்தார்கள். பற்றவில்லை, ஆகவே பயமில்லை. பயத்தோடு பிறந்து பயத்தோடு படுக்கிற ஊர்தான் நாங்கள். ஆனால் எங்களுக்குத் தெரிந்த பயம் ஒன்றே ஒன்று.

அப்போதிருந்த பஞ்சாயத்துத் தலைவர் யாரிடமும் கேட்கவில்லை. கிராம சபையில் வைக்கவில்லை. பள்ளமாகக் கிடக்கிற இடம்தானே, நிரம்பினால் பிள்ளைகளுக்கு மைதானம் ஆகும் என்று டீக்கடையில் வைத்துச் சொன்னாராம். அதுவே தீர்மானம் ஆகிவிட்டது. அந்த வருஷம் அம்மன் கோயிலுக்குக் கம்பெனி உபயமாகப் புது இரும்புக் கதவு வந்தது. கதவு நல்ல கதவு. இப்போதும் திறந்தால் சத்தம் வராது.

குவியல் எங்கே கிடக்கிறது என்பதை நான் என் கணவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அவரும் ஒரு கம்பெனியில் லோடு ஏற்றுகிற ஆள்தான். ஒரு மாலை ஓடைப்பாதை வழியாக வந்தவர் வாசலிலேயே நின்று காலைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். செம்புத் தண்ணீர் தீர்ந்த பிறகும் ஒரு காலால் மறு காலைத் தேய்த்துக்கொண்டு நின்றார். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. கேட்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் மேலே கொட்டியிருக்கிறார்கள்.

சிவகாசியில் ஒரு அச்சகத்தில் எனக்கு வேலை. பட்டாசுப் பெட்டி லேபிள்களில் எழுத்துப்பிழை பார்ப்பது, நிறம் விலகியதைப் பொறுக்கி ஒதுக்குவது. சீசனில் தலை நிமிர நேரம் இருக்காது. கம்பி மத்தாப்புப் பெட்டிக்கு எப்போதும் ஒரு குழந்தைப் படம் இருக்கும், பட்டுப்பாவாடை, சிரித்த வாய், கையில் பொறி. காலையில் பஸ்ஸுக்காக வண்டிப்பாதையில் நிற்கும்போது குவியல் தெரியும். ஒரு மழைக்குப் பிறகு அதன் சரிவில் அந்த லேபிள்கள் வரிசையாக ஒட்டிக் கிடந்தன. எங்கள் அச்சகத்தில் நிறம் விலகி நான் ஒதுக்கியவை. ஒரே குழந்தை, ஒரே சிரிப்பு, வாய் ஒரு பக்கமாக நகர்ந்து, பத்து இருபது தடவை. பஸ் வந்ததும் ஏறிக்கொண்டேன். வேறு என்ன செய்ய.

வருஷங்கள் போயின. டிராக்டர் போய் லாரி வந்தது. வெயில் காலத்தில் அங்கிருந்து எழும் புழுதி வெள்ளியாக மினுங்கும், பார்க்க அழகாக இருக்கும், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. மழைக் காலத்தில் ஓடை பாலும் சாம்பலுமாகப் போகும். அப்புறம் ஊர் போர்வெல் தண்ணீர் நாக்கில் கசந்தது. பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஏடு கட்டியது. பிள்ளைகள் முழங்காலை ரத்தம் வரச் சொறிந்தார்கள். பஞ்சாயத்தில் சொன்னால், ஆழம் போனால் உப்புத் தண்ணீர் வருவது இந்தப் பக்கம் வழக்கம்தானே என்றார்கள். ஊரும் வழக்கம்தானே என்றது.

ஊர் விழித்தது ஒரு கிடாவால்.

எங்கள் வீட்டுக்கு எதிர் வீட்டில் ஒரு அம்மாள் இருக்கிறாள், முறைக்கு எனக்கு மதினி. வாய்த்துடுக்குக்காரி. பட்டாசு வேலைக்குப் போவதை இளம் வயதிலேயே நிறுத்திவிட்டு ஆடு வாங்கி மேய்த்தவள். ஏன் நிறுத்தினாய் என்று கேட்டால், ஆட்டுக்குத் தீபாவளி கிடையாது, அதனால் அவசரமும் கிடையாது என்பாள். அவள் மேய்க்கிற இடம் ஓடைக்கரை. இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துவிட்ட கிடா ஒன்று அவள் பட்டியில் வளர்ந்தது. ஆடி வெள்ளிக்குக் கொண்டுபோக வேண்டிய கிடா, அந்த வாரம் ஓடையில் வாய் வைத்துவிட்டு வந்து, பின்னங்கால் விழுந்து, வாசலில் கிடந்து இழுத்துக்கொண்டு செத்தது. பிள்ளைகள் சொறிந்தபோது வராத கூட்டம் அன்று வந்தது. அம்மன் ஆடு. சாமிக்கு என்று சொன்னதைத் தின்றது எது என்று ஊர் முதல் தடவையாகக் கேட்டது.

அதை நான் பிடித்துக்கொண்டேன். எழுதத் தெரிந்தவள் என்று மனு எழுத என்னிடம்தான் வந்தார்கள். தண்ணீர் என்று எழுதினேன், தோல் என்று எழுதினேன், கால்நடை என்று எழுதினேன். என் காரணத்தை எழுதவில்லை. அதற்கு மனுவில் இடமும் இல்லை, ஊரில் அதைச் சொல்ல வாயும் இல்லை. எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். அவள் மேல் கிடக்கிற அதை எடுத்துவிட வேண்டும். தூங்குகிற பிள்ளை மேல் யாரோ போட்ட அழுக்குப் போர்வையை எடுப்பதுபோல, மெதுவாக, அவள் அசையாமல்.

மூன்று கிராம சபைகளில் கேட்டோம். இப்போதைய தலைவர் மரியாதையான மனிதர், எங்களை உட்காரச் சொல்லித்தான் பதில் சொல்வார். அது வருவாய்த்துறை நிலம் என்றார். தாலுகா ஆபீசில் அது பஞ்சாயத்து அனுபவத்தில் இருக்கிற நிலம் என்றார்கள். திரும்பி வந்து கேட்டால், கொட்டினது முன்னால் இருந்தவர் காலத்தில் என்றார். முன்னால் இருந்தவர் இவருடைய சித்தப்பா. மதினி அதைச் சபையிலேயே சொன்னாள். "சித்தப்பா சொத்துன்னா பங்குக்கு வருவீக, குப்பைன்னா மட்டும் வேண்டாமாக்கும்" என்றாள். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தலைவரும் சிரித்தார். குறிப்பு எழுதுகிற கிளார்க் தம்பி மட்டும் சிரிக்கவில்லை. அவன் மதினிக்கு அக்காள் மகன் முறை, சிரித்தால் வேலைக்கு ஆகாது.

அப்புறம் ஒரு திங்கள்கிழமை மதினியும் நானும் விருதுநகருக்குப் போனோம், கலெக்டர் ஆபீஸ் மனு கொடுக்கிற நாள். ஒரு தண்ணீர் பாட்டிலில் ஊர் போர் தண்ணீரைப் பிடித்து எடுத்துப் போயிருந்தோம். வாசலில் போலீஸ் பெண் ஒவ்வொரு பையாகத் திறந்து பார்த்தாள். மனம் வெறுத்து மண்ணெண்ணெயோடு வந்துவிடுகிறவர்கள் உண்டல்லவா, அதற்காக. எங்கள் பாட்டிலைத் திருகி மோந்தாள்.

"என்னம்மா இது?"

"தண்ணி" என்றேன்.

"அப்ப ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பின்னால் வரிசை முண்டியது. குடிக்க முடியவில்லை. வீட்டில் தினமும் குடிக்கிற தண்ணீர்தான், வேறு வழியில்லாமல் அதில்தான் சோறு பொங்குகிறோம், ஆனால் அந்த வாசலில் இன்னொருத்தி கண் முன்னால் அதை வாயில் ஊற்ற வரவில்லை. போலீஸ் பெண்ணின் முகம் இறுகியது. பக்கத்தில் நின்ற ஆளைக் கூப்பிடத் திரும்பினாள்.

மதினிதான் சொன்னாள். "பயப்படாத தாயி, அது தீப்பிடிக்காது. குடிச்சாத்தான் ஆபத்து."

போலீஸ் பெண் பாட்டிலை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். அடியில் வெள்ளையாக ஒன்று மெதுவாகச் சுழன்றது. எந்த ஊர் என்று கேட்டாள், சொன்னோம். மூடியை நன்றாக இறுக்கித் திருகி என் கையில் கொடுத்துவிட்டு, தன் கையைக் காக்கிப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டாள். அந்த ஆபீஸில் எங்கள் குறையை முதலில் கேட்டுக்கொண்டவள் அவள்தான் என்று எனக்கு இப்போதும் ஒரு நினைப்பு.

அந்த மனு நகர்ந்தது. எப்படி என்று தெரியாது, சில மனுக்கள் நகர்கின்றன. ஒரு ஜீப் வந்தது. அதிகாரி ஒரு இளம் பெண், தலையில் துண்டு போட்டுக்கொண்டு வெயிலில் நின்று குழாய் இறக்கி மண் எடுத்தாள். நாங்கள் கொடுத்த மோரைக் குடித்தாள், தண்ணீரைத் தொடவில்லை. அவள் முடிவோடு திரும்பி வந்தபோது மழைக்காலம் முடிந்திருந்தது. தலைவரையும் எங்களையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொன்னாள். மேலே கிடக்கிற குவியலை மட்டும் எடுத்தால் போதாது. இது கரிசல். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கிற மண். இத்தனை வருஷ மழையில் அந்த வெடிப்புகளின் வழியே எல்லாம் கீழே இறங்கிவிட்டது. ஒரு ஆள் உயரத்துக்குத் தோண்டி, மண்ணையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய், இதற்கென்று இருக்கிற இடத்தில் மூடவேண்டும். பஞ்சாயத்துதான் செய்ய வேண்டும், கெடுவும் உண்டு.

தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. எங்கள் ஆட்கள் கையைத் தட்டினார்கள். தெருவில் யாரோ சரவெடி கொளுத்தினார்கள். எங்கள் ஊரில் சந்தோஷத்துக்கு வேறு பாஷை கிடையாது. புகைக்கு நடுவே மதினியைத் தேடினேன். அவள் சுவர் ஓரமாக உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிடா நினைப்பாக இருக்கும் என்று நினைத்தேன்.

எனக்கு உறைக்க வீடு வந்து சேரும் நேரம் ஆனது.

என் கணவர் தொட்டித் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். பத்துப் பன்னிரண்டு வருஷமாகக் கேட்காததைக் கேட்டேன்.

"எம்புட்டு ஆழம் தோண்டுனீக?"

என்ன ஆழம், எதற்கு என்று அவர் கேட்கவில்லை. ஈரக் கையை இடுப்பில் வைத்தார். இவ்வளவு என்று காட்டினார். கையை எடுத்த பிறகு சட்டையில் அந்த ஈரம் இருந்தது, ஒரு கோடு மாதிரி. ஒரு ஆள் உயரம் எங்கே, அந்தக் கோடு எங்கே. அதற்கு மேல் கணக்குப் போட என்னால் முடியவில்லை.

மறுநாளே தலைவர் வீட்டுக்குப் போனேன். சொல்லக் கூடாததைச் சொன்னேன். அங்கே பிள்ளைகள் இருக்கிறார்கள், பலகைக்கற்கள் கிடந்த, ஓடையை ஒட்டிய மூலையை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள் என்றேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். கோபமில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "நீங்கதானம்மா அள்ளச் சொன்னீக. இப்ப நான் ஒரு மூலைய விட்டா, கம்பெனிக்குச் சாதகம் பண்ணிட்டான்னு நீங்களே எளுதுவீக" என்றார். எழுதியிருப்பேன். அதில் சந்தேகமில்லை.

அதிகாரிப் பெண்ணுக்குப் போன் செய்தேன். நீண்ட நேரம் கேட்டாள். மயானம் என்று எதிலாவது பதிவு இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை. பெயர் எழுதிய கல், ஏதாவது அடையாளம்? இல்லை, வைப்பதில்லை. இந்த மாதிரி மண்ணில், இத்தனை வருஷத்துக்குப் பிறகு, அவ்வளவு சின்ன… என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். அந்த மூலையில் எடுத்த மண்தான் அக்கா ரொம்ப மோசம், அதை விட்டால் தண்ணீர் மாறாது என்றாள். அவள் சொன்னது சரிதான். தெருவில் ஒரு பிள்ளை முழங்காலைச் சொறிந்துகொண்டே சைக்கிள் டயரை உருட்டிக்கொண்டு போனது. மற்றவள் பிள்ளைக்குத் தண்ணீர் வேண்டாம், என் பிள்ளைக்கு மண் வேண்டும் என்று கேட்க எனக்கு என்ன வாய் இருக்கிறது. போனை வைத்தேன்.

அன்று வெயில் தாழ்ந்த நேரம் மதினி வந்தாள். கையில் ஆட்டுக் கம்பு, பின்னால் ஆடு இல்லை. கிடாவோடு ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் போய்ப் பட்டி காலியாகியிருந்தது. வாசலில் நின்றபடியே, "வா போவோம்" என்றாள். எங்கே என்றேன்.

"மிசினு வர்றதுக்கு முந்தி பாத்துரு."

நடக்கும்போதுதான் சொன்னாள். என்னிடம் முகத்தைக் காட்டாமல், முன்னால் நடந்துகொண்டே. அவளுக்கு ஒரு பையன். எனக்குக் கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வருவதற்கு முன்னால். பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே போனவன். அவளுக்கும் இடம் சொல்லவில்லை. அவள் பட்டாசு வேலையை விட்டது அந்த வருஷம்தான், ஆடு வாங்கியதும் அந்த வருஷம்தான்.

"பொம்பள தனியா அந்தப் பக்கம் போனா ஏன் போறான்னு கேப்பாக. ஆட்டுக்காரியை எவன் கேக்கப் போறான்" என்றாள்.

இவள் ஆடு மேய்க்கவில்லை. இத்தனை வருஷமும், மழையிலும் வெயிலிலும், ஆடுகளைச் சாக்கிட்டு மகனிடம் போய்க்கொண்டிருந்திருக்கிறாள். நாங்கள் எல்லோரும் அவளைச் சோம்பேறி என்றோம். அந்தச் சாக்கைத்தான் ஓடைத் தண்ணீர் ஒவ்வொன்றாகக் கொன்றது.

"நீக எந்த எடம்னு எப்படிக் கண்டுபிடிச்சீக, மதினி?"

கண்டுபிடிக்கவில்லை என்றாள். எல்லாக் கல்லுக்குப் பக்கத்திலும் உட்கார்ந்து பார்த்தாளாம். ஒரு கல்லுக்குப் பக்கத்தில் மட்டும் பால் ஊறியதாம். அப்புறம் தேடவில்லை. அது உண்மையா என்று நான் கேட்கவில்லை. உங்களிடமும் அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

குவியல் எங்கள் தலைக்கு மேலே உயர்ந்து நின்றது. மேல்தோல் காய்ந்து இறுகி, மிதித்தால் ஓடு மாதிரி நொறுங்கியது. மதினி ஓடைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனாள். ஒரு பட்ட உடைமரம். அதன் தூரில் கம்பை ஊன்றி நின்று, அங்கிருந்து குவியலுக்குள் ஒரு இடத்தைக் கம்பால் காட்டினாள். "அந்தா, அதுக்கு நேர் கீள. உம் வீட்டுக்காரரும் உன் தம்பியும் வந்த அன்னைக்கு நான் இந்தப் பக்கம்தான் ஆட்டைப் போட்டுட்டு நின்னேன். எம்பையனுக்கு அடுத்தாப்புல. உன் தம்பி அளுதான். உம் வீட்டுக்காரரு அளுகல, மண்ணக் கையாலயே தள்ளுனாரு. மம்பட்டி இருந்துச்சு, அத எடுக்கல."

கம்பு காட்டிய இடத்தில் சாம்பல் நிறச் சரிவுதான் இருந்தது. எந்த வித்தியாசமும் இல்லாத சரிவு. நான் போய் அதில் கையை வைத்தேன். வெயில் இறங்கிய பிறகும் சூடாக இருந்தது. எழுத்தைப் பார்த்துப் பிழைக்கிறவள், ஒரு சொல் வரவில்லை. கூப்பிடப் பெயரும் இல்லை. உள்ளங்கையில் வெள்ளித் தூள் ஒட்டிக்கொண்டது. கழுவினாலும் ரேகைக்குள் இரண்டு நாள் மினுங்கியது.

மிசின் வந்தது. மஞ்சள் இரும்புக் கை, முகமூடி போட்ட ஆட்கள். தலைவர் முதல் வாளி மண்ணுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். குவியலை எடுக்கிற வரை ஊரே பார்த்தது. குவியல் தீர்ந்து கறுப்பு மண் தெரிந்ததும் ஆண்களில் சிலர் தலைத்துண்டை எடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். என் கணவர் மாதிரி இங்கே தோளில் துண்டோடு வந்து போனவர்கள் எத்தனை பேர் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஊருக்குள் மற்றப் பெண்கள் யாரும் கதவைத் திறந்து வெளியே வரவில்லை.

பலகைக்கற்கள் வாளிக்குள் உருண்ட சத்தம் நானும் மதினியும் நின்ற வாசல் வரை கேட்டது. மதினி காதைப் பொத்திக்கொள்ளவில்லை. நானும் பொத்தவில்லை.

ஓடை மூலை மண்ணோடு லாரி தார்ப்பாய் போட்டுக் கட்டிக்கொண்டு வண்டிப்பாதையில் ஏறியது. பாதை மோசம், நடக்கிற வேகத்தில்தான் போகும். பார்த்தால் என் கணவர் அதன் பின்னால் நடந்துகொண்டிருந்தார். தோளில் துண்டு. வேலைக்குப் போகவில்லை, என்னிடம் சொல்லவும் இல்லை. நான் செருப்பைப் போட மறந்து ஓடினேன். அவர் பக்கத்தில் போனதும் அவர் என்னைப் போகச் சொல்லவில்லை. அவளைக் கொண்டுபோன அன்றைக்கு நான் தீட்டு வீட்டில் பாயில் கிடந்தேன், போக விடவில்லை. இன்றைக்குத் தடுக்க யாரும் இல்லை. லாரியின் புழுதிக்குள் இரண்டு பேரும் நடந்தோம். அவர் ஒருமுறை தார்ப்பாயின் தொங்கிய நுனியை எட்டி உள்ளே செருகிவிட்டார், பிள்ளையின் கால் வெளியே தெரிந்தால் துணியை இழுத்துவிடுவதுபோல. மெயின் ரோட்டில் ஏறியதும் லாரி வேகம் எடுத்தது. சாத்தூர் பக்கமா மதுரைப் பக்கமா என்று பார்ப்பதற்குள் அதன் முன்னால் ஒரு பஸ் குறுக்கே வந்து மறைத்துவிட்டது.

பள்ளத்தில் கண்மாய் மண் கொண்டுவந்து நிரப்பினார்கள். இரண்டு மழைக்குப் பிறகு கோரை முளைத்தது. போர் தண்ணீரின் கசப்பு குறைந்திருக்கிறது என்கிறார்கள், பாத்திரத்தில் ஏடு முன்னைப்போல் இல்லை. பிள்ளைகள் சொறிவதும் குறைந்துவிட்டது, அதை நானே பார்க்கிறேன். பஞ்சாயத்து ஒரு பலகை நட்டிருக்கிறது, குப்பை கொட்டாதீர் என்று. அதில் ஒரு எழுத்துப்பிழை இருக்கிறது. நான் சொல்லவில்லை.

அடுத்த கிராம சபையில் தலைவர் வேலை முடிந்ததை வாசித்தார். பாராட்டினார்கள். என்னையும் ஒரு வார்த்தை பேசச் சொன்னார்கள். இவ்வளவு காலமும் தண்ணீர், தோல், கால்நடை என்று பேசிய அதே இடத்தில் எழுந்து நின்றேன். நன்றி சொல்லத்தான் எழுந்தேன் என்று நினைக்கிறேன்.

"எம்மகளக் கொண்டுபோய் எங்க கொட்டுனீக?" என்றேன்.

தலைவர் அதிகாரி கொடுத்த தாளைப் புரட்டினார். அதில் இடத்தின் பெயர் இல்லை. அரசு அனுமதித்த இடம் என்று மட்டும்தான் இருந்தது. "விசாரிச்சுச் சொல்றேம்மா" என்றார். கொட்டச் சொன்னவர்களும் அள்ளச் சொன்னவர்களும் தெரியும், யார் கேட்டாலும் சொல்ல முடியும். அவள் இப்போது எங்கே என்று மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. இது பஞ்சாயத்தின் நிலம், பஞ்சாயத்தின் பொறுப்பில் இருந்த பிள்ளை, பஞ்சாயத்துதான் சொல்ல வேண்டும் என்றேன். உட்கார்ந்துவிட்டேன்.

கிளார்க் தம்பி பேனாவோடு தலைவர் முகத்தைப் பார்த்தான். எழுதுவதா வேண்டாமா என்று தெரியாமல் முழித்தான்.

பின்வரிசையில் ஆட்டுக் கம்பு தரையைத் தட்டிக்கொண்டு எழுந்தது.

"எளுதுலே" என்றாள் மதினி. "எம்பையனையும் சேத்து எளுது."